எண்ணாமல் விட்ட புள்ளி

எங்கள் பக்கத்தில் பிஎச்.டி. வைவாவில் சபையிலிருந்து யாரும் தானாகக் கேள்வி கேட்க மாட்டார்கள். அதனால் கேள்விகளை முந்தின நாளே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

ஆய்வை முடித்தவர் நாலு பேர் முன்னிலையில் அதை விளக்கி, சபையின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. யார் கேட்டார், என்ன கேட்டார், பதில் திருப்தியா என்பதெல்லாம் ஒரு படிவத்தில் ஏறி, கையெழுத்தாகி, பல்கலைக்கழகத்துக்குப் போகும். படிவத்தில் ஐந்தாறு கேள்வியாவது இருந்தால்தான் பார்க்க லட்சணமாக இருக்கும். வருகிற சபையோ உறவுக்காரர்கள், வகுப்பை விட்டுப் பிடித்துவரப்பட்ட மாணவர்கள், மதியச் சாப்பாட்டில் பாயசம் உண்டா என்று விசாரித்துவிட்டு உட்காரும் சக ஆசிரியர்கள். ஆகவே ஆய்வாளரே கேள்விகளைச் சீட்டில் எழுதி, நம்பிக்கையான ஆட்களாகப் பார்த்துக் கொடுத்துவிடுவார். கேட்பவர் புருவத்தைச் சுருக்கி, இப்போதுதான் தோன்றியதுபோல எழுந்து நிற்பார். பதில் சொல்பவர் "அருமையான கேள்வி" என்று வியப்பார். நானே பத்துப் பதினைந்து பேருக்கு இப்படிக் கேட்டிருக்கிறேன். ஒருமுறை தென்னை நார்க் கழிவைப் பற்றி நான் கேட்ட கேள்விக்குப் பலத்த கைதட்டல் கிடைத்தது.

என் முறை வந்தபோது நானும் சீட்டு எழுதினேன். அதில் ஒரே ஒரு சீட்டு மட்டும் நிஜக் கேள்வி. அதுவும் என்னை நானே மாட்டிவிடுவதற்காக எழுதியது.

அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று சொல்கிறேன். நான் திருச்சிக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் கணக்கு நடத்துகிறவள். வீடு ஸ்ரீரங்கத்தில். என் கணவருக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. எட்டு வருஷம் பகுதிநேரமாக நான் செய்த ஆராய்ச்சியின் தலைப்பு: 'முடிவுறு புலங்களின் மேல் தீட்டா சார்புகளும் சூப்பர்சிங்குலர் நீள்வட்ட வளைவுகளும்: சில ஆய்வுகள்.' இந்த 'சில ஆய்வுகள்' என்பது எங்கள் துறையில் ஒரு தற்காப்பு. என்ன செய்தாய் என்று யாரும் குறிப்பாகப் பிடித்துக் கேட்க முடியாது.

தலைப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஏழு என்ற பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பூஜ்யம் முதல் ஆறு வரை, ஏழே ஏழு எண்கள்தான் உலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறோடு ஒன்றைக் கூட்டினால் மறுபடி பூஜ்யம், சனிக்கிழமைக்குப் பிறகு ஞாயிறு வருவதுபோல. இதுதான் முடிவுறு புலம். இந்தச் சின்ன உலகத்தில் ஒரு சமன்பாட்டை எழுதி, எந்தெந்த ஜோடி எண்கள் அதற்குப் பொருந்துகின்றன என்று பார்த்தால் சில புள்ளிகள் கிடைக்கும். அதற்கு வளைவு என்று பெயர். வளைவதற்கு அங்கே ஒன்றும் கிடையாது, சிதறிக் கிடக்கும் புள்ளிகள்தான். நீள்வட்டம் என்று பெயர், நீள்வட்டமும் இல்லை. சிங்குலர் என்றால் வளைவில் ஒரு முடிச்சோ கூரோ இருக்க வேண்டும். சூப்பர்சிங்குலரில் அதுவும் கிடையாது. பெயர் வைத்தவர்கள் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பது நாங்கள். புள்ளி என்று வாயைத் திறந்தாலே, "ஓ, கோலம் மாதிரியா?" என்பார்கள். எனக்குக் கோலம் போடத் தெரியாது.

தீட்டா சார்பு இதற்கு நேர் எதிர். அது இரண்டு பக்கமும் முடிவில்லாமல் போகிற ஒரு கூட்டல். முடிவுறு புலத்துக்குள் வந்தால் அந்தக் கூட்டலுக்கே அர்த்தம் போய்விடும். ஆனால் தீட்டாக்கள் தங்களுக்குள் வைத்திருந்த சமன்பாடுகள் மட்டும் அங்கேயும் செல்லுபடியாகும். அதிகாரி மாற்றலாகிப் போன பிறகும் அவர் போட்ட சர்க்குலர் அமலில் இருக்கிறதே, அந்த மாதிரி.

இப்போது முக்கியமான விஷயம். வளைவின் புள்ளிகளை எண்ணும்போது தாளில் தெரிகிற புள்ளிகளோடு, தெரியாத ஒரு புள்ளியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு முடிவிலிப் புள்ளி என்று பெயர். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. அந்த வளைவில் பூஜ்யத்தின் வேலையைச் செய்வது அதுதான். அதையும் சேர்த்து எண்ணி, மொத்தம் அந்தப் பகா எண்ணைவிடச் சரியாக ஒன்று கூடுதலாக வந்தால் அந்த வளைவு சூப்பர்சிங்குலர். என் ஆய்வேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இதைத் தேற்றமாக எழுதி, நிரூபணமும் கொடுத்திருந்தேன். எண்பத்தாறாம் பக்கத்தில் நாலாவது அட்டவணை. அதன் முதல் பத்தியில் பகா எண்கள். இரண்டாம் பத்தியில், என் கம்ப்யூட்டர் எண்ணிச் சொன்ன புள்ளிகள்.

கொரோனாவுக்கு முந்தின வருஷமே முதல் முழு டிராஃப்டை என் கைடிடம் கொடுத்துவிட்டேன். தென்னூரில் இருக்கிறவர், மெதுவாகப் பேசுகிறவர், ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டு அதை முடிக்கலாமா என்று யோசிக்கிறவர். இரண்டு மாதம் கழித்துத் திருப்பித் தந்தார். ஆசையாகப் பிரித்தேன். பென்சிலால் ஆங்கில இலக்கணம் திருத்தியிருந்தார். இங்கே ஒரு 'தி' விட்டுப்போயிருக்கிறது, இங்கே ஒரு கமா வேண்டும், இங்கே ஒரு கமா வேண்டாம். முப்பது பக்கம் வரை பார்த்தேன். தீட்டா சார்புகளை முடிவுறு புலத்துக்கு இழுத்துவர நான் பட்ட பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மனுஷர் கணக்கைப் படிக்கவில்லை, கமாவை எண்ணியிருக்கிறார் என்று முடிவுகட்டி, டிராஃப்டை லால்குடி மாமனார் வீட்டிலிருந்து நெல் அரைத்து வந்த காலி அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அவர் "பாத்தீங்களா?" என்று ஒரு நாள் கேட்டார். "பாத்துட்டேன் சார், திருத்திட்டேன்" என்றேன். 'தி'களை என் இஷ்டத்துக்குப் போட்டிருந்தேன்.

அதன் பிறகு லாக்டவுன், கட்டுரைகளை வைத்துக்கொண்டு பதில் போடாத பத்திரிகைகள், இரண்டு முறை கால நீட்டிப்பு. நடுவில் இன்னொரு கூத்தும் நடந்தது. சூப்பர்சிங்குலர் வளைவுகளை வைத்துச் செய்த ஒரு ரகசியப் பூட்டை, இனிமேல் வரப்போகிற கம்ப்யூட்டராலும் உடைக்க முடியாது என்று என் முன்னுரையில் பெருமையாக எழுதியிருந்தேன். வெளிநாட்டில் யாரோ அதைச் சாதாரணக் கம்ப்யூட்டரை வைத்தே உடைத்துவிட்டார்கள். உலகமே பரபரத்தது. நான் 'முடியாது' என்பதை 'முடியாது என்று கருதப்பட்டது' என்று மாற்றினேன். சமுதாயப் பயன் என்ற தலைப்பில் எழுத வேறு ஒன்றும் இல்லை.

கடைசியாக அச்சுக்குப் போகும் முன் அட்டவணையைச் சரிபார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவரை உட்கார வைத்தேன். அவர் தாளைப் பார்த்து வாசிக்க வேண்டும், நான் திரையில் ஒப்பிட வேண்டும்.

"ஏழு, ஏழு. பதினொண்ணு, பதினொண்ணு. பத்தொம்பது, பத்தொம்பது. இருபத்தி மூணு, இருபத்தி மூணு..." பாதியில் நிறுத்தினார். "ஏம்மா, ஒரே நம்பர எதுக்கு ரெண்டு ரெண்டு தடவ எழுதியிருக்க?"

"அது பகா எண். இது புள்ளி."

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு. அப்ப எதுக்கு ரெண்டு?"

"உங்களுக்குப் புரியாதுங்க. எழுதியிருக்கிறத மட்டும் படிங்க."

பாவம், படித்தார். மேலும் முப்பது வரிகள். ஒரு எண்ணில்கூடத் தட்டச்சுப் பிழை இல்லை. அந்த ஒழுங்கு எனக்கே மிகவும் பிடித்துப்போய், அட்டவணைக்குக் கீழே ஒரு குறிப்பும் சேர்த்தேன்: 'புள்ளிகளின் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் பகா எண்ணுக்கே சமமாக அமைவது கவனிக்கத்தக்கது.'

யாரும் கவனிக்கவில்லை. கருத்துத்திருட்டைப் பிடிக்கும் மென்பொருள் நற்சான்று கொடுத்தது. ஒரு வெளிநாட்டுத் தேர்வாளரும் ஒரு உள்நாட்டுத் தேர்வாளரும் படித்து, பட்டம் தரலாம் என்று எழுதினார்கள். வெளிநாட்டுக்காரர் அந்தக் குறிப்பு சுவாரசியமானது என்று தனியாகப் பாராட்டியிருந்தார். அதை நான் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸாக வைத்தேன்.

வைவாவுக்கு மூன்று நாள் முன்பு, காலையில் சத்திரம் பஸ் நிலையம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. சபைக்குப் புரிகிற மாதிரி ஒரு சின்ன உதாரணம் வேண்டும் என்று, ஏழு என்ற எண்ணை வைத்துக் கையாலேயே எண்ணிப் பார்க்க ஆரம்பித்தேன். பூஜ்யத்துக்கு ஒரு புள்ளி, ஒன்றுக்கு ஒரு புள்ளி, இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒன்றுமில்லை, நாலுக்கு இரண்டு, ஐந்துக்கு இரண்டு, ஆறுக்கு ஒன்று. மொத்தம் ஏழு. அட்டவணையிலும் ஏழு. திருப்தியாக இருந்தது. பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. பழக்கதோஷத்தில் 'முடிவிலிப் புள்ளியோடு எட்டு' என்று எழுதினேன்.

எட்டு.

ஏழைவிட ஒன்று கூடுதல், எட்டு. தேற்றம் சொல்வது எட்டு. என் அட்டவணை சொல்வது ஏழு. கம்ப்யூட்டரிடம் நான் தெரிகிற புள்ளிகளை மட்டும்தான் எண்ணச் சொல்லியிருந்தேன். அது சொன்னதைச் செய்திருந்தது. முப்பத்துச் சொச்சம் வரிகளும் தப்பு. புள்ளிகள் பகா எண்ணுக்கே சமமாக வந்தால் அந்த வளைவு வேறு ஜாதி, பூட்டுக்கு லாயக்கே இல்லாத வகை. அதாவது நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நான் நிரூபித்ததை எண்பத்தாறாம் பக்கத்தில் நானே மறுத்து, 'கவனிக்கத்தக்கது' என்று அடிக்கோடும் இட்டிருக்கிறேன். கண்டக்டர் "சத்திரம் எல்லாம் எறங்குங்க" என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். என் கணவர் தட்டிலிருந்து நிமிரவே இல்லை.

"ரெண்டும் ஒண்ணா இருக்குன்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

எட்டு வருஷத்தில் அந்த மனுஷர் மேல் எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்தது அன்றைக்குத்தான். அவர் சரியாகச் சொல்லியிருந்தார் என்பது எரிச்சலை இன்னும் கூட்டியது.

மறுநாள் தென்னூருக்குப் போனேன். கைடு காபி கொடுத்து உட்கார வைத்தார்.

"சார், நாலாவது அட்டவணை மொத்தமும் தப்பு."

"முடிவிலிப் புள்ளியா?" என்றார் உடனே.

நான் அசந்துபோனேன். என்ன இருந்தாலும் அனுபவஸ்தர் என்று நினைத்துக்கொண்டேன்.

"நான் அப்பவே..." என்று ஆரம்பித்தவர், வழக்கம்போல அதை முடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தார். "ரிப்போர்ட் ரெண்டும் வந்தாச்சுங்க. இப்ப திருத்தினா மறுபடி தேர்வாளருக்கு அனுப்பணும். ஆறு மாசமாவது ஆகும். உங்க பதிவு எப்ப முடியுது?"

"அடுத்த மாசம்."

"நீட்டிப்பு?"

"ரெண்டும் வாங்கியாச்சு சார்."

அவ்வளவுதான் விஷயம். அடுத்த மாதத்துக்குள் பட்டம் இல்லையென்றால் பதிவு ரத்து, எட்டு வருஷமும் போச்சு. கல்வியாண்டு முடிவதற்குள் முனைவராகாதவர்கள் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்று என் கல்லூரியில் சுற்றறிக்கை வந்து நோட்டீஸ் போர்டில் தொங்கிக்கொண்டிருந்தது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால், என் பெயர் போட்ட ஒரு பொய் பல்கலைக்கழக நூலகத்தில் தங்க எழுத்து அட்டைக்குள் உட்கார்ந்திருக்கும்.

"விட்டுருங்க," என்றார். "யாரும் பாக்க மாட்டாங்க."

அந்த வார்த்தைதான் என்னைக் கிளறிவிட்டது. யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? கைடு படிக்கவில்லை, தேர்வாளர்கள் படிக்கவில்லை, படித்த ஒரே ஆளை நான் வாயை மூடச் சொன்னேன். எட்டு வருஷம் எழுதியதை ஒரு பிராணி படிக்கவில்லையே என்ற ஆத்திரம் எனக்கு வேலை போகும் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அப்போதுதான் சீட்டு ஞாபகம் வந்தது. சபையிலிருந்து ஒருவர் கேள்வியாகக் கேட்டால், நான் பதிலாகச் சொல்லிவிடலாம். கேள்வியும் பதிலும் படிவத்தில் ஏறிவிடும். உண்மை கோப்புக்குள் போய்விடும், எனக்கும் நிம்மதி.

என் கல்லூரியில் ஃபிசிக்ஸ் நடத்தும் தோழிக்குப் பெரிய கடை வீதிப் பக்கம் வீடு. அவளிடம் அந்தச் சீட்டைக் கொடுத்தேன். 'நாலாவது அட்டவணையில் முடிவிலிப் புள்ளியைச் சேர்த்து எண்ணியிருக்கிறீர்களா?'

"சேத்துருக்கியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்புறம் எதுக்குடி ஊரக் கூட்டிக் கேக்கச் சொல்ற?"

"நீ கேளு. மத்தத நான் பாத்துக்கறேன்."

"அல்லா காப்பாத்தட்டும். கேட்டுர்றேன்," என்றாள்.

வைவா அன்று செமினார் ஹால் நிறைந்திருந்தது. லால்குடியிலிருந்து மாமியார் வகையில் ஒரு வேன் ஆட்கள் பட்டுப்புடவையில் வந்து முதல் மூன்று வரிசைகளைப் பிடித்துக்கொண்டார்கள். என் கணவர் பணிமனைக்கு லீவு போட்டுவிட்டுச் சாப்பாட்டுப் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். தேர்வாளர் வெளியூர்க்காரர், மாலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தவர், நிமிஷத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்த நேரம் போக, நாலாவது அட்டவணையின் நேர்த்தியைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசினார். முன்வரிசையில் யாரோ "நம்ம பொண்ணு" என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொன்னது மேடை வரை கேட்டது.

நான் பேசி முடித்ததும் கைடு எழுந்து, நேரம் குறைவாக இருப்பதால் கேள்வி கேட்பவர்களின் சீட்டுகளை முன்கூட்டியே வாங்கி வரிசைப்படுத்திவிட்டதாக அறிவித்தார். அது எனக்கே புதுச் செய்தி. என் தோழியின் முறை வந்தது. எழுந்தாள், கையில் வேறு சீட்டு. என்னைப் பார்க்காமல், "இந்த ஆய்வோட எதிர்கால வாய்ப்பு என்ன?" என்று படித்துவிட்டு உட்கார்ந்தாள். கைடின் சட்டைப் பையில் ஒரு காகிதம் நாலாக மடித்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

எதிர்கால வாய்ப்பு என்ற கேள்விக்கு ஒரு பதில் உண்டு. எல்லாரும் அதையே சொல்வோம்: இதை மேலும் விரிவுபடுத்தலாம். மூன்று சொல். சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் நான் டாக்டர். வாயைத் திறந்தேன்.

"எதிர்காலத்தில் முதலில் செய்ய வேண்டியது," என்றேன், "நாலாவது அட்டவணையில் ஒவ்வொரு எண்ணோடும் ஒன்றைக் கூட்டுவது. முடிவிலிப் புள்ளியை நான் எண்ணாமல் விட்டுவிட்டேன். அட்டவணை தப்பு. கீழே இருக்கிற குறிப்பும் தப்பு."

தேர்வாளர் கடிகாரத்திலிருந்து தலையை எடுத்து, "வெரி குட்," என்றார். "நல்ல தெளிவு. எதிர்காலத் திட்டம் இவ்வளவு குறிப்பா யாரும் சொன்னதில்ல." முதல் வரிசை கைதட்டியது. பின்வரிசை மாணவர்கள் விசிலடித்தார்கள். படிவத்தில் இப்படி ஏறியது: 'ஆய்வின் எதிர்கால வாய்ப்புகளை ஆய்வாளர் சிறப்பாக விளக்கினார். பதில் திருப்தி.' அதற்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். எல்லாரும் பந்திக்கு ஓடினார்கள். பாயசம் இருந்தது.

சாப்பிடும்போது கைடு என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்.

"சொல்லிட்டீங்க," என்றார்.

"நீங்க சீட்ட எடுத்துட்டீங்க."

"கேள்வியா வந்தா ஆட்சேபணைன்னு எழுதணும்ங்க. எழுதினா திருத்திக் கொண்டான்னு திருப்பிருவாங்க. நீங்களா சொன்னா அது உங்க விளக்கம்."

இதை முன்பே யோசித்தாரா, சாம்பார் சாதத்துக்கும் ரசத்துக்கும் நடுவில் யோசித்தாரா என்று எனக்குத் தெரியாது. நன்றி சொல்ல மனம் வரவில்லை. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு இருந்தேன்.

பட்டம் வந்தது. வேலை தங்கியது. திருத்தச் சீட்டு ஒன்றை அச்சடித்து எடுத்துக்கொண்டு ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போய், ஆய்வேட்டில் ஒட்ட வேண்டும் என்று கேட்டேன். அங்கிருந்தவர் சீட்டை முழுக்க வாசித்தார். அந்த வகையில் அவரைப் பாராட்ட வேண்டும். "ஃபைல் க்ளோஸ் ஆயிருச்சு மேடம்," என்று திருப்பிக் கொடுத்தார். "ஒண்ணுதானே மேடம் குறையுது? விடுங்க." வீடு திரும்பும் வழியெல்லாம் படிக்காத உலகத்தைத் திட்டிக்கொண்டு வந்தேன். அடுத்த இரண்டு மாதம் அதே பேச்சுத்தான் எனக்கு. ஸ்டாஃப் ரூமில், பஸ்ஸில், போனில், யார் கிடைத்தாலும் பிடித்துவைத்து, இந்த நாட்டில் ஒரு ஆய்வேட்டைக் கைடுகூடப் படிப்பதில்லை என்று சொன்னேன். என் தோழி மட்டும், "அந்த மனுஷன விடேன், ரிட்டயர் ஆயிட்டாரு," என்பாள்.

போகிக்கு முதல் நாள் கட்டிலுக்கு அடியில் பெருக்கியபோது அந்த அரிசிச் சாக்கு வந்தது. பழைய பேப்பர்காரருக்குப் போடலாம் என்று டிராஃப்டை உருவினேன். ஓரமெல்லாம் தவிட்டு வாசனை. கமாக்களைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று புரட்டினேன். முப்பது பக்கத்தோடு பென்சில் நின்றுவிடவில்லை. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் தேற்றத்துக்குப் பக்கத்தில் ஒரு டிக். ஐம்பதுகளில் தீட்டா சமன்பாடு ஒன்றை ஓரத்தில் முழுசாகத் தானே போட்டுப் பார்த்து, 'நன்று' என்று எழுதியிருந்தார். எண்பத்தாறாம் பக்கத்தில் இரண்டாம் பத்தியை ஒரு வட்டத்துக்குள் அடைத்து, மேலே ஒன்றைக் கூட்டச் சொல்லிக் கூட்டல் குறி. பக்கத்தில் சின்ன எழுத்தில்: 'முடிவிலிப் புள்ளி எங்கே?'

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. ஊரில் ஒருவரும் படிக்கவில்லை என்று பறையடித்துக்கொண்டிருந்தேனே, அவர் படித்துவிட்டார். அவர் படித்ததைப் படிக்காதவள் நான்தான். 'பாத்துட்டேன் சார், திருத்திட்டேன்' என்று சொன்ன வாய் இது.

போனை எடுத்து அழைத்தேன்.

"சொல்லுங்க டாக்டர்," என்றார்.

"சார், அந்த டிராஃப்ட் பாத்தேன்."

"எந்த டிராஃப்ட்டு?"

"கொரோனாவுக்கு முன்னாடி குடுத்தது. எம்பத்தி ஆறாம் பக்கம்."

"ம், அதுவா," என்றார்.

"அப்புறம் ஏன் சார் ஃபைனல் காப்பில சொல்லல?"

"நீங்க திருத்திட்டேன்னு சொன்னீங்க. அதனால ஃபைனல நான் பாக்கலை," என்றார். இந்த முறை வாக்கியத்தை முடித்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"மன்னிச்சிருங்க சார்."

"பரவால்லங்க. மெதுவாப் பாருங்க, இனிமே என்ன அவசரம்," என்றார். "நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துலயும் ஒண்ணு இருக்கும்."

போனைக் காதில் வைத்தபடியே நூற்றுப் பன்னிரண்டைத் திருப்பினேன். இருந்தது.